காக்கா ஆழியும் படகுச் சீட்டும்: கழிமுகத்துக்கு விதி வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பகுதிகளுக்குப் படகுப் பரிசோதனை விதிகளை வகுத்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் எங்கள் குப்பத்து வலைக்கூடத்தில் உங்கள் தரப்பிலிருந்து வந்த இருவர் ஒரு வரைவை வாசித்துக் காட்டினார்கள். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கோ வேறு நீர்நிலைக்கோ செல்லும் ஒவ்வொரு ஃபைபர் படகும் பரிசோதிக்கப்பட்டுச் சீட்டுப் பெற வேண்டும் என்றும், காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பி ஒட்டியிருப்பது தெரிந்தால் படகை 7 நாள் கரையில் நிறுத்தி வைப்பார்கள் என்றும், சுத்தம் செய்யும் செலவைப் படகுக்காரரே ஏற்க வேண்டும் என்றும், மீறுவோருக்கு அபராதம் உண்டு என்றும் அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலேயே, "கப்பலுக்கு என்ன சீட்டு?" என்று கேட்டார். "அது எங்கள் வரம்பில் வராது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் என் தொழில் மீன்பிடிப்பு அன்று. 22 ஆண்டுகளாக முகத்துவாரத்துக்கு அருகில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். ஒரு படகின் அடியைப் படகுக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். நான் தினமும் பார்க்கிறேன். கவிழ்த்து வைத்த படகின் அடியில் பாசி எங்கே பிடிக்கும், கொட்டலசு எங்கே ஒட்டும், ரெசின் எங்கே விரிசல் விடும் என்பதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரியும். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படகுகளைப் பரிசோதிக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் படகுகளும் இந்த உயிரியைச் சுமந்து செல்கின்றன. அதை என் கையால் சுரண்டி எடுத்திருக்கிறேன். உங்கள் வரைவு பாதிப் பாதையை மட்டும் அடைக்கிறது, அடைக்கும் பாதியையும் தவறான இடத்தில் அடைக்கிறது என்பதே என் முறையீடு.

காக்கா ஆழி என்று நாங்கள் அழைக்கும் இந்தச் சிப்பி எங்கள் ஆற்றுக்குச் சொந்தமானதன்று. அறிவியலில் அதன் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். 1986இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகர மின் நிலையம் ஒன்று நீர் உறிஞ்சும் இடத்தில் அது முதலில் கண்ணில் பட்டது. பின்னர் 2014இல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவிலும், 2016இல் சிங்கப்பூரிலும் தென்பட்டது. கேரளக் காயல்களில் அது குடியேறிவிட்டதை 2019இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இந்த ஊர்களின் பெயரை வரிசையாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் கப்பல் வந்து போகும் இடங்கள். தென் அமெரிக்காவிலிருந்து மணிலாவுக்கு எவரும் ஃபைபர் படகில் இறால் பிடிக்கப் போனதில்லை.

குஞ்சுப் பருவத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரியும். பிறகு பிடிப்பு கிடைக்கும் இடத்தில் நூல் போன்ற இழைகளை விட்டு ஒட்டிக்கொள்ளும். கல், மரம், கயிறு, கான்கிரீட், ஃபைபர், இன்னொரு சிப்பியின் முதுகு என எதுவும் அதற்குப் போதும். மழைக்காலத்தில் ஆறு ஏறக்குறைய நன்னீராக ஓடினாலும், கோடையில் உப்பு ஏறினாலும் தாக்குப்பிடிக்கிறது. கழிமுகத்தில் வாழப் பிறந்ததுபோல இருக்கிறது என்று சொன்னால் அதைப் பாராட்டுவது போலாகிவிடும். ஆனால் உண்மை அதுதான்.

அது செய்வதை எண்களால் சொல்ல எனக்குத் தெரியாது. என் சித்தியின் கைகளைக் கொண்டு சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளாக அவர் ஆற்றில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்தவர். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம், டீசலும் வேண்டாம். கை மட்டும் போதும் என்பதால் ஏழைகளும் இருளர் குடும்பங்களும் பெண்களும் நம்பியிருந்த தொழில் அது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும்; அதற்குச் சேறு மெத்தையாக இருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் அந்தச் சேற்றின் மேல் காக்கா ஆழி கறுப்புப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. இறாலுக்குப் புதைய இடமில்லை, கைக்குத் தடவ இடமில்லை. சிப்பிகளின் விளிம்பு பிளேடு மாதிரி. சென்ற ஆண்டு சித்தி என் பட்டறைக்கு வந்து, ரெசின் வேலைக்கு நாங்கள் போடும் ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையுறை போட்டால் இறால் துள்ளுவது விரலுக்குத் தெரியவில்லையாம். இப்போது அவர் இறால் பிடிக்கப் போவதில்லை. சந்தையில் மற்றவர் மீனை ஆய்ந்து கொடுக்கிறார்.

எனக்கு இந்தச் சிப்பியால் வேலை கூடியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீர் இறங்கும் நேரத்தில் படகைத் தள்ளும்போது சிப்பிப் படுகை அடியில் உரசி, ஃபைபரைக் காக்கும் வெளிப்பூச்சான ஜெல்கோட்டைக் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் நீர் ஏறி ஃபைபர் உப்புகிறது. முன்பு ஆண்டுக்கு ஒரு முறை வந்த படகு இப்போது இரண்டு மூன்று முறை வருகிறது. இந்த ஆற்றில் காக்கா ஆழியால் பிழைப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்பதாலும் எழுதுகிறேன்.

இனி உங்கள் பரிசோதனைக்கு வருகிறேன். வரைவு வாசிக்கப்பட்ட அடுத்த வாரம் முன்னோட்டம் என்ற பெயரில் பரிசோதனை நடந்தது. என் பட்டறையின் முன் கவிழ்த்திருந்த நான்கு படகுகளைச் சுற்றி வந்தார்கள். கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்த மூன்று படகுகளுக்குப் பதிவேட்டில் 'சுத்தம்' என்று எழுதினார்கள். நான்காவதில் படகின் அடித்தண்டான ஏராவை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு சிப்பிகள் இருந்ததால் அதை 'பாதிப்பு' என்று எழுதினார்கள்.

அவர்கள் கிளம்பும் முன் 'சுத்தம்' என்று எழுதப்பட்ட படகு ஒன்றை இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். படகின் மேல்விளிம்பில் அடிபடாமலிருக்க மரச்சட்டம் ஒன்று ஓடும். சட்டத்துக்கும் ஃபைபருக்கும் இடையில் விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். அதில் பட்டிக் கத்தியை நுழைத்து இழுத்தேன். கடுகை விடச் சற்றுப் பெரிய குஞ்சுகள் வரிசையாக வந்து விழுந்தன. படகின் பின்முனையான அமரத்தில் இன்ஜின் பொருத்தும் தாங்கியின் பின்னால் கைவிட்டு ஒரு கொத்தை எடுத்துக் காட்டினேன். நங்கூரக் கயிற்றின் முறுக்கைப் பிரித்தால் உள்ளே இருந்தது. மீன் போடும் அறையின் அடியில் தேங்கியிருந்த இரண்டு விரல் தண்ணீரை மட்டும் என்னால் அவர்களுக்குக் காட்ட முடியவில்லை. அதில் குஞ்சு இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வந்தவர்களில் இளையவர் குறித்துக்கொண்டார். ஆனால் பதிவேட்டில் 'சுத்தம்' என்ற சொல் திருத்தப்படவில்லை. அந்தப் படகு மறுநாள் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்றது. படகுக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை. அவரிடம் உங்கள் சீட்டு இருந்தது.

ஏழு நாள் காயவைத்தால் போதும் என்று வரைவு சொல்வதையும் நான் சோதித்துப் பார்த்தேன். சிப்பி ஒட்டிய இரண்டு முழக் கயிறுகள் இரண்டை எடுத்து, ஒன்றைக் கூரைத் தகட்டின் மேல் வெயிலில் போட்டேன். மற்றதைப் படகில் வழக்கமாக வைப்பதுபோலச் சுருட்டி, தார்ப்பாயின் கீழ் நிழலில் வைத்தேன். வெயிலில் கிடந்தவை இரண்டாம் நாளே வாய் பிளந்து நாறின. நிழலில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் நான்காம் நாளும் இறுக மூடியே இருந்தன. ஒரு வாளி ஆற்று நீரில் போட்டதும் சில மெல்லத் திறந்தன. இது ஆய்வகச் சோதனை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நாள் கணக்கை மட்டும் எழுதி, வெயிலா நிழலா, கயிறு பிரித்ததா சுருட்டியதா, உள்ளே தண்ணீர் வடிந்ததா இல்லையா என்பதை எழுதாத விதியால் பயன் கிடைக்காது என்பதற்கு இது போதும். ஏழு நாள் கரையில் நின்ற படகும் சிப்பியைச் சுமந்து போகலாம். சரியாக வடித்துக் காயவைத்த படகை இரண்டு நாளிலேயே விடவும் முடியலாம்.

படகுப் பரிசோதனை என்பது நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு அருகிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பி கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களின் பாலாஸ்ட் நீரில் (சுமை குறைந்த கப்பல் தள்ளாடாமலிருக்கத் தொட்டிகளில் ஏற்றும் நீர்) அது வந்ததாகவே அறிஞர்கள் கருதுகிறார்கள். அதன் உறவான குவாகா சிப்பி 2007 ஜனவரியில், அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பாலைவன நடுவில் இருக்கும் மீட் ஏரியில் தென்பட்டது. அங்கே கப்பல் போக வழியே இல்லை. டிரெய்லரில் ஏற்றிச் சென்ற படகுகள்தாம் கொண்டு போயிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரியில் இறங்கும் மோட்டார்ப் படகுகளுக்குப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அங்கே பரிசோதகர் படகின் வெளிப்புறத்தைப் பார்த்து முடித்துவிடுவதில்லை. அடைப்பானைக் கழற்றி நீர் முழுவதும் வடிந்ததா என்று பார்க்கிறார், இன்ஜினுக்குள் தங்கிய நீரைக் கேட்கிறார், ஐயம் இருந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார். கழுவு, வடி, காயவை என்ற மூன்று சொற்களில் அங்கே குழந்தைக்கும் விதி தெரியும். பெருங்கடலைத் தாண்டிக் கொண்டுவந்தது கப்பல், ஊர் ஊராகக் கொண்டுபோனது படகு. ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்தால் வேலை முடியாது என்பதை அவர்கள் பெரும் செலவில் கற்றார்கள். நாம் அதைச் செலவில்லாமல் கற்கலாம்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்கதை உண்டு. கருவரிச் சிப்பி எனப்படும் மைட்டிலாப்சிஸ் சலேயி, கரீபியன் பகுதியைச் சேர்ந்தது; 1960களின் இறுதியில் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கண்டறியப்பட்டு இன்றும் நம் துறைமுகங்களை விட்டுப் போகவில்லை. அதே சிப்பி 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் தென்பட்டபோது, அந்த அரசு சில நாள்களில் மூன்று படகுத்துறைகளின் மதகுகளை மூடி, நீருக்குள் மருந்திட்டு, அங்கிருந்து வெளியே போய்விட்ட படகுகளையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, சில வாரங்களில் அதை முற்றாக ஒழித்தது. எங்கள் ஆற்றை அப்படி மூட முடியாது. மருந்து போட்டால் எங்கள் இறாலும் சாகும். அந்த வழியை நான் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு டார்வினில் வெளிநாட்டிலிருந்து வரும் படகு எதுவும் அடிப்பக்கம் பார்க்கப்படாமலும் உள் குழாய்கள் கழுவப்படாமலும் படகுத்துறைக்குள் நுழைவதில்லை. முதல் சிப்பியைக் கண்ட நாளிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது வாரங்கள். நாங்கள் மனு மேல் மனு கொடுத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை எங்கள் மீனவர்கள் போய் நின்ற பிறகு, இப்போதுதான் ஒரு வரைவு வந்திருக்கிறது. அதுவும் எங்கள் படகுக்கு மட்டும்.

"எங்கள் வரம்பில் வராது" என்ற பதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல்களின் பாலாஸ்ட் நீரைப் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 2004இல் உருவாகி 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில், கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் நடுக்கடலில் பழைய நீரை மாற்றினாலும் போதும் என்று இருந்தது; 2024 செப்டம்பர் முதல் அது மட்டும் போதாது. கப்பலிலேயே நீரைச் சுத்திகரித்து, ஒரு கன மீட்டரில் 50 மைக்ரானும் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாக இருக்கும் நிலையில்தான் வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. கப்பலில் பாலாஸ்ட் பதிவேடு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஏற்ற நாட்டின் துறைமுகத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம், நீரின் மாதிரியும் எடுக்கலாம். ஆகவே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் வரம்பில் வராவிட்டால் யார் வரம்பில் வருகிறது என்பதைக் கண்டுபிடித்து அவரையும் அந்த வலைக்கூடத்துக்கு அழைத்து வருவது உங்கள் பொறுப்பு. ஒரு ஆற்றை ஐந்து அலுவலகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருப்பது சிப்பிக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஒப்பந்தத்திலும் ஒரு பொத்தல் இருக்கிறது. ஒரு நாட்டின் கடலுக்குள்ளேயே ஓடும் அந்த நாட்டுக் கப்பல்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. அதாவது கொச்சியில் நீர் ஏற்றி எண்ணூரில் இறக்கும் நம் நாட்டுக் கப்பலை அது கேள்வி கேட்காது. காக்கா ஆழி கேரளக் காயல்களில் பெருகிய பின் நம் கிழக்குக் கரைக்கு எந்தக் கப்பலில், எந்த நாளில் வந்தது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் வரக்கூடிய கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டலாம். நம் மாநிலமும் ஒன்றிய அரசும் மனம் வைத்தால் உள்நாட்டுக் கப்பலுக்கும் அதே விதியை விதிக்கலாம்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணூருக்கு நிலக்கரி கொண்டு வரும் கப்பல் நிறைசுமையோடு வருகிறது. அது இங்கே பாலாஸ்ட் நீரை இறக்குவதைவிட ஏற்றுவதே அதிகம். நிலக்கரியை இறக்கிவிட்டு, எங்கள் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நீரை ஆயிரக்கணக்கான டன் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, பாரதீப்புக்கோ விசாகப்பட்டினத்துக்கோ திரும்புகிறது. அடுத்த சுமையை ஏற்றும்போது அந்த நீர் அங்கே வெளியேறுகிறது. நாங்கள் பழவேற்காட்டுக்குச் சிப்பி கொண்டு போகக் கூடாது என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம். அதே நியாயத்தில் சிலிகா ஏரியும் கோதாவரிக் கழிமுகமும் உங்கள் கவலையில் இருக்க வேண்டும். 28 அடிப் படகின் அடியில் தேங்கிய இரண்டு விரல் தண்ணீருக்குச் சீட்டு, கப்பலின் தொட்டிக்குச் சீட்டு இல்லை என்றால், இதை நான் என் மகனுக்கு எப்படி விளக்குவது?

கப்பலின் வயிற்றில் இருப்பதை மட்டும் பேசுகிறோம். முதுகில் ஒட்டியிருப்பதை மறந்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஃபைபர் வேலைப் படகு ஒன்றைப் பழுது பார்க்க என்னை ஆற்றின் மறுபக்கம் அழைத்திருந்தார்கள். அருகில் தூர் வாரும் மிதவை ஒன்று நின்றிருந்தது. வேறு கடற்கரையில் வேலை முடித்து இழுத்து வரப்பட்டதாகச் சொன்னார்கள். நீர் இறங்கியிருந்ததால் அதன் பக்கவாட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தவை தெரிந்தன: கொட்டலசு, பாசி, சிப்பி, இவற்றுக்கு இடையில் நண்டுக் குஞ்சுகள் ஓடின. ஒரு மணி நேரத்தில் 15 கடல் மைல் போகும் கப்பலின் அடியில் ஒட்டியவற்றில் பலவற்றைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். மாதக்கணக்கில் நின்று, மெல்ல இழுத்துச் செல்லப்படும் மிதவையிலும், சரக்கு மிதவையான பார்ஜிலும் ஒரு காடே வளர்ந்து கூடவே வரும். அந்த மிதவையை யாராவது பரிசோதித்தார்களா என்று அங்கிருந்த மேற்பார்வையாளரைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். நியூசிலாந்தில் 2018 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கலமும் அடிப்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருப்பது கட்டாயம். நமக்கு அந்த அளவு இன்னும் வேண்டாம், "எதுக்கு?" என்று கேட்காத அளவுக்காவது வேண்டும்.

ஏழு நாள் நிறுத்தி வைப்பதன் பொருள் என்ன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் ஆற்றுத் தொழில் இன்றும் பாடு முறையில்தான் நடக்கிறது. எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முறை வைத்து வரும். ஒருவரின் பாட்டு நாளில் அவர் படகு உங்கள் சீட்டுக்காகக் கரையில் நின்றால், அந்த நாள் அவருக்குத் திரும்பி வராது. அடுத்த முறை வரும் வரை அவர் பக்கத்து வீட்டுக்காரரின் படகில் கூலிக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றை மூடியபோது எத்தனை நாள் தொழில் இல்லாமல் கிடந்தோம் என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்ததற்கும், எண்ணெய் கலந்ததற்கும், இப்போது சிப்பி வந்ததற்கும் காரணமல்லாத ஒருவர் மூன்றுக்கும் விலை கொடுக்கிறார். அவரிடமே மறுபடியும் அபராதம் கேட்பது எனக்குக் கூசுகிறது. உங்களுக்கும் கூச வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

வரைவில் 'ஃபைபர் படகு' என்று இருக்கும் இடங்களில் எல்லாம் 'நீரில் மிதக்கும் எந்தக் கலமும்' என்று திருத்துங்கள். இழுவைப் படகு, பார்ஜ், தூர் வாரும் மிதவை, அளவைப் படகு, பணியாளர் படகு, கப்பல் என எதுவும் விடுபடக் கூடாது. வேறு துறைமுகத்திலிருந்து இழுத்து வரப்படும் மிதவைகள், முகத்துவாரத்துக்குள் நுழையும் முன் அடிப்பக்கம் பார்க்கப்பட வேண்டும். முக்குளிப்பவர் இறங்கி எடுத்த படங்கள் பதிவில் இருக்க வேண்டும்.

இங்கு வரும் கப்பல்களின் பாலாஸ்ட் பதிவேடுகளைப் பார்ப்பவர் யார், மாதத்துக்கு எத்தனை பார்க்கப்பட்டன, எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன, முடிவு என்ன என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமிழில் எழுதி எங்கள் குப்பங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உள்நாட்டுக் கப்பல்களையும் இதில் சேர்க்கும்படி உரியவர்களுக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்தின் நகலை எங்களுக்கும் தாருங்கள். எண்ணூரில் ஏற்றப்படும் நீர் எங்கே போய் இறங்குகிறது என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

எங்கள் படகுகளுக்கு வெந்நீர் பீய்ச்சும் இயந்திரமும், வடிகால் உள்ள கழுவுமிடமும் முகத்துவாரத்தில் ஒன்றும் பழவேற்காட்டுக் கரையில் ஒன்றும் அமைத்துக் கொடுங்கள். கட்டணம் கூடாது. சுரண்டி எடுக்கும் சிப்பியை மறுபடி ஆற்றில் தள்ளிவிடாமல், கரையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடும் பொறுப்பு கழுவுமிடத்தை நடத்துபவருக்கு இருக்க வேண்டும். இன்று சுரண்டுபவர்களில் பலர் அதை அங்கேயே தண்ணீரில் உதறிவிடுகிறார்கள். என் பட்டறையிலும் முன்பு அப்படித்தான் நடந்தது, இப்போது நிறுத்திவிட்டோம்.

பரிசோதகர்களாக எங்கள் ஊர் இளைஞர்களையும் இறால் தடவும் தொழிலை இழந்த பெண்களையும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தில் அமர்த்துங்கள். மரச்சட்டத்தின் இடுக்கு, தாங்கியின் பின்புறம், கயிற்றின் முறுக்கு, மீன் அறையின் அடித்தண்ணீர், வலை மடிப்பு ஆகிய ஐந்து இடங்களும் பார்க்கப்படாமல் எந்தப் படகுக்கும் சீட்டுக் கொடுக்கக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். பயிற்சிக்கு என் பட்டறையைக் கூலி இல்லாமல் தருகிறேன். ஏழு நாள் என்ற பிரிவை நீக்கிவிட்டு, கழுவி, வடித்து, வெயிலில் காயவைத்ததைப் பரிசோதகர் உறுதி செய்ததும் படகை விடும்படி மாற்றுங்கள். பாட்டு நாளில் படகு நின்றால் அன்றைய இழப்பு ஈடு செய்யப்பட வேண்டும். எங்களுக்கான அபராதப் பிரிவை, கப்பல்களுக்கும் மிதவைகளுக்கும் அதே விதி நடைமுறைக்கு வரும் நாள் வரை நிறுத்தி வையுங்கள்.

பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்குள்ள அதிகாரிகளோடு பேசாமல் இக்கரையில் மட்டும் சீட்டுக் கொடுப்பதில் பொருளில்லை. வரைவு இறுதியாகும் முன் இரு மாநில மீனவர்களையும் ஒரே இடத்தில் அழைத்துப் பேசுங்கள். ஏற்கெனவே ஆற்றில் படர்ந்திருக்கும் படுகைகளை அகற்றும் பணியையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆரம்பியுங்கள். எந்த இடத்தை முதலில் அகற்ற வேண்டும் என்பதை இறால் தடவியவர்களிடம் கேளுங்கள். எந்த வளைவில் இறால் புதையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இறுதியாக, இந்த வரைவைக் கையெழுத்திட இருக்கும் அதிகாரி ஒருமுறை நேரில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீர் இறங்கும் நேரத்தில் வாருங்கள். முழங்கால் வரை நனையும், பழைய செருப்பு போட்டு வாருங்கள், வெறுங்காலோடு இறங்க முடியாது. சித்தியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான தேதியை இம்மாத இறுதிக்குள் எங்கள் குப்பத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர் முகத்துவாரத்தில் படகு பழுது பார்க்கும் ஒருவன்